ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி கிடையாது

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. நிழல் இப்ப இந்தப் பக்கம்தான். வெயில் ஏறுததுக்கு முன்னால வந்திருந்தா பயலுக கயிறு ஏறுததையும் பாத்திருக்கலாம். பரவாயில்லை, உங்க மகன் ஓடட்டும். என்ன பேரு சொன்னிய? கவியரசனா? பேரு நல்லாத்தான் இருக்கு. பட்டாளத்து டிரெய்னிங் சென்டர்ல இந்திக்காரன் வாயில அது என்ன பாடு படப்போகுதோ. கண்மாய்க் கரையைச் சுத்தி மத்தவனுகளோட சேந்து ஓடச் சொல்லியிருக்கேன். பரீட்சை எல்லாம் இல்லை, சும்மாதான். ஆளு எப்படின்னு நான் பாத்துக்கிடணும்லா.

நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு எனக்குத் தெரியும். 'பய செலக்ட் ஆயிட்டான், ஆர்டர் வந்திருச்சு, போய்ச் சேருததுக்கு இன்னும் நாள் கிடக்கு, அதுவரைக்கும் அவனை என்ன செய்ய'ன்னு கேட்டிய. அது வாய் கேட்ட கேள்வி. மனசுல வேற ஒண்ணு கிடக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில வழி கேட்டிருப்பிய. 'அந்த மாஸ்டர்ட்டயா போறிய?'ன்னு அவன் ஒரு மாதிரி பாத்திருப்பான். அப்புறம் சந்தனகுமார் கதையை ஆரம்பிச்சிருப்பான். சொன்னானா இல்லையா? பாத்தியளா, முழிக்கிய.

நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. அவன் டீ ஆத்துத வேகத்துல பாதி விட்டுப்போகும். என் வாயால முழுசாக் கேட்டுட்டுப் போங்க.

சந்தனகுமாருக்கு அப்பன் கிடையாது. அம்மா மாரித்தாய், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. ஒத்தைப் பிள்ளை. முதல்முதல்ல இங்க வரும்போது கால்ல செருப்பு கூட இல்லை. ஒல்லிப் பய. ஆனா நெஞ்சுக்கூடு இருக்கே, அது ரெண்டு ஆளுக்கு உள்ளது. ஓடினான்னா மூச்சு வாங்குத சத்தமே கேக்காது. நான் எத்தனையோ பயலுகளைப் பாத்திருக்கேன் அண்ணாச்சி, அப்படி ஒரு ஓட்டம் பாக்கலை. ஆள் எடுப்புல அவன்தான் முதல்ல வந்தான். அதுக்கப்புறம் மெடிக்கல். காதுல டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, பல்லைப் பாத்தாங்க, முட்டியைச் சேத்து நிக்கச் சொன்னாங்க, ரத்தம், ஒண்ணுக்கு, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாங்க. கூடப் போனவனுக ஒருத்தன் காது அழுக்குன்னு திரும்பி வந்தான், ஒருத்தன் தட்டைப் பாதம்னு திரும்பி வந்தான். சந்தனத்துக்கிட்ட ஒரு குறை சொல்ல முடியலை. ஒண்ணுகூட. நான் வளத்த உடம்பு அது.

செலக்ட் ஆகுததுதான் பெருசுன்னு ஊர் நினைக்கு. இல்லை. செலக்ட் ஆனவன்தான் கெடுவான். ஆர்டர் கைக்கு வந்ததும் ஓட்டத்தை விட்டுருவான். அத்தை வீட்டுல விருந்து, சித்தி வீட்டுல விருந்து. கோழியும் ஆடுமா உள்ள போகும். பத்து மணி வரைக்கும் தூக்கம். அப்படியே போய்ச் சென்டர்ல நின்னான்னா, அங்க பொட்டியை வச்ச மறுநாளே பிழிஞ்சு எடுத்திருவான். தாங்கமாட்டாம திரும்பி வந்துட்டா? 'பட்டாளத்துல இருந்து திரும்பி வந்தவன்'னு ஒரு பேரு ஒட்டிக்கிட்டா அது சுடுகாடு வரைக்கும் கூட வரும். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தாலும் எவனாவது காதுல குசுகுசுப்பான். பொண்ணு கேட்டுப் போனா அந்த வீட்டுக்காரன் முதல்ல அதைத்தான் விசாரிப்பான்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதிய. கேட்டாலும் சொல்லிருதேன், மறைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்லா. நான் சென்டர்ல இருந்தது கொஞ்ச வாரந்தான். பட்டாளத்து மாஸ்டர்ங்கிறது ஊரு வச்ச பேரு. நான் வேண்டாம்னு சொல்லலை, அவ்வளவுதான். அங்க உஸ்தாத்னு ஒருத்தன் இருப்பான், பயிற்சி கொடுக்கிறவன். ஓட்டத்துக்கு முன்னால ஒவ்வொருத்தன் பாட்டிலையும் தூக்கிக் காட்டச் சொல்லுவான். காலியா இருந்தா ஏச்சுத்தான். குடி, குடின்னு சத்தம் போடுவான். நானும் நடு ஓட்டத்துல நிறையக் குடிச்சேன். வயிறு குலுங்கி அத்தனை பேருக்கு முன்னால வாந்தி எடுத்து விழுந்தேன். எல்லாவனும் சிரிச்சான். விழுந்ததுல கால் பிசகி, அதுக்கப்புறம் ஓட முடியாம, அனுப்பிவிட்டுட்டாங்க. என்னைக் கெடுத்தது அந்தத் தண்ணிதான். அன்னைக்கு ரயில்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன்.

அதனாலதான் இந்த மைதானத்துல ஒரே ரூல். ஓட்டம் தொடங்கினா முடியுத வரைக்கும் தண்ணி கிடையாது. வாயைக் கொப்புளிச்சுக்கிடலாம், துப்பிரணும்.

அந்தா வாரான் பாருங்க உங்க மகன், முதல் சுத்து முடிச்சிட்டான். தோளை ஆட்டிக்கிட்டு ஓடுதான், அதைச் சரி பண்ணிருவேன். ஏலே கவியரசா, கையை இறக்கிப் போடு! முன்னால பாரு, அப்பாவைப் பாக்காதே!

சந்தனத்துக்கு ஆர்டர் வந்தது சித்திரையில. அக்கினி நட்சத்திரம் கொளுத்துது. நான் அவனைத் தனியா எடுத்துக்கிட்டேன். மத்தவனுகளைக் காலையில விட்டுட்டு இவனை மட்டும் உச்சி வெயில்ல ஓட விட்டேன். உர மூடையில மணலை ரொப்பித் தோள்ல தூக்கி வச்சு, கரையைச் சுத்தி. 'மாஸ்டர், வெயில் தாழ ஓடுதேனே'ன்னான். 'சண்டைக்கு வாரவன் வெயில் தாழத்தான் வருவானாலே?'ன்னேன். சிரிச்சிட்டான். எதுத்துப் பேசுத பிள்ளை இல்லை. நான் சொன்னா அது வேதவாக்கு.

ஒரு நாள் பாருங்க, ஓடிக்கிட்டே இருக்கான், சட்டை காய்ஞ்சு கிடக்கு. வேர்வையே இல்லை. கையில எல்லாம் புல்லரிச்ச மாதிரி முடி நட்டுக்கிட்டு நிக்கு. அந்த அனல்ல குளிருதுன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அண்ணாச்சி. உடம்பு வெயிலுக்குப் பழகிட்டுதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு சுத்து போலேன்னேன். போனான். ரெண்டாவது சுத்துல மூடையோட சரிஞ்சு உக்காந்துட்டான். 'மாஸ்டர், தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிட்டு, மடக்க முடியலை'ன்னான். 'கல்லு மாதிரிதாம்லே வேணும்'னேன். கொஞ்சம் தண்ணி கேட்டான். இன்னும் அரைச் சுத்து பாக்கி இருந்துச்சு. முடிச்சிட்டுக் குடின்னேன். நடந்தே முடிச்சான், மூடையைக் கீழ போடலை. அவனை நினைச்சா இப்பவும் பெருமையாத்தான் இருக்கு.

மறுநாள் காலையில என்னை வேலிக்கருவைப் பக்கம் தனியாக் கூப்பிட்டான். 'மாஸ்டர், ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போகுது'ன்னான். பயந்துட்டான், பாவம். 'சூடுலே, வேற ஒண்ணுமில்லை'ன்னேன். வெளக்கெண்ணெயைத் தொப்புள்லயும் கால் பெருவிரல்லயும் வச்சுப் படுக்கச் சொன்னேன். நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம்தான அது. தொடை வலிக்குன்னு சொன்னதால மெடிக்கல் ஷாப்புல நானே வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அந்த அக்கறை எந்த மாஸ்டருக்கு இருக்கும், சொல்லுங்க.

அவன் அம்மா மாரித்தாய் கேக்கலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நின்னுச்சு. எனக்குச் சேதி வந்தது, ஓடினேன். நான் போறதுக்கும் அவுக செருப்பை மாட்டுததுக்கும் சரியா இருந்துச்சு. ஆட்டோ வேற வந்து நிக்கு.

'அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஆஸ்பத்திரியில பேரு ஏறிட்டா ஏறினதுதான். இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு. சென்டர்ல மறுபடி மெடிக்கல் பாப்பாங்க. இவன் ஒரு மாசத்துக்கு முன்னால படுத்தவன்னு தெரிஞ்சா அங்கயே தூக்கி வெளிய போட்டுருவாங்க'ன்னேன்.

'பட்டாளம் போனாப் போகட்டும் தம்பி, எனக்குப் பிள்ளை வேணும்'னு சொல்லுச்சு.

'பிள்ளைக்கு என்ன இப்ப? சூடு. சூட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதா? ஊரு சிரிக்கும்'னேன்.

அந்தம்மா மகன் மூஞ்சியைப் பாத்துச்சு. சந்தனம் என்னைப் பாத்தான். 'யம்மா, மாஸ்டருக்குத் தெரியும். நீ உள்ள போ'ன்னான். அந்தம்மா ஆட்டோக்காரன்கிட்ட என்னமோ சொல்லி அனுப்பிட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிருச்சு. இந்த ஊர்ல என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்துச்சு அண்ணாச்சி. இன்னைக்கு டீக்கடைக்காரன் எல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசுதான்.

நாலஞ்சு நாள் ஓட வேண்டாம், படுத்து எந்திரின்னு நானே சொன்னேன். நான் ஒண்ணும் அரக்கன் இல்லை. அதுக்கப்புறம் பாத்தா, ஆள் அடையாளமே தெரியலை. முகம் ததும்பி நிக்கு. கன்னம் உப்பி, கண்ணு ரெண்டும் சின்னதாப் போச்சு. காலும் நல்லாப் பருத்திருச்சு, சாக்ஸைக் கழட்டினா ரப்பர் தடம் குழியா நிக்கும். குச்சி மாதிரி இருந்த பயலுக்கு இப்படிச் சதை போட்டிருக்கேன்னு பாத்தவன் பூரா சொன்னான். 'மாஸ்டர் கைபட்டா தனிதான்யா'ன்னு சொன்னவன் அதே டீக்கடைக்காரன்தான். கேட்டுப் பாருங்க, இல்லைன்னு சொல்லட்டும். பயலுக சேந்து பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸ் வச்சானுக. அந்த முகத்தோட, பச்சைத் தொப்பி ஒட்ட வச்சு. மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

ஒண்ணுக்கே போகமாட்டேங்குதுன்னு சொன்னான். நாள் பூரா ஒரு சொட்டுத்தான்னு சொன்னான். தண்ணியைக் குறைச்சுப் பழகின உடம்பு அப்படித்தான இருக்கும்? விருந்து வீடுகள்ல எல்லாம் சாப்பிட உக்காந்ததும் ஓங்கரிச்சுக்கிட்டு எந்திரிச்சிருவான். அந்தக் கறியும் எண்ணெயும் யாருக்குத்தான் ஒத்துக்கிடும்? நான்தான் விருந்து வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே, எவன் கேட்டான்?

கொஞ்சம் இருங்க. ரெண்டாவது சுத்து வாரானுக. உங்க பய கொஞ்சம் பின்தங்கிட்டான். பரவாயில்லை, முத நாள்லா. முகம் சிவந்து போச்சு, ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம். கூப்பிடாதிய அண்ணாச்சி, கூப்பிட்டா நின்னுருவான். நின்னு பழகிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.

எங்க விட்டேன்? விருந்துலயா? அப்புறம் ரயிலடிதான். கொட்டு வச்சு அனுப்பினோம். மாலை மேல மாலை. கறுப்பு டிரங்குப் பொட்டியில வெள்ளைப் பெயின்ட்டுல பேரு எழுதி, அது மேலயே உக்காந்திருந்தான். நிக்க முடியலைன்னான். மூச்சு வாங்குச்சு. மாலை கனம்தான்னு நினைச்சு நானே கழட்டிவிட்டேன். தாய்மாமன் ஒருத்தன் கூடப் போனான். வண்டி நகரும்போது சந்தனம் ஜன்னல் வழியா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மாஸ்டர், அங்க போனதும் தண்ணி குடிக்கலாம்லா?'ன்னான். 'ஓட்டம் இல்லாதப்பக் குடிலே'ன்னு சொன்னேன். நல்ல பய. அந்த நேரத்துலயும் ரூலைக் கேட்டுக்கிட்டான்.

மதுரையைத் தாண்டலை. மூச்சு முட்டி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. மறுநாள் மத்தியானம் முடிஞ்சிருச்சு. சென்டர்ல போய் நிக்க வேண்டிய அன்னைக்கு ஊருக்குள்ள வண்டியில கொண்டு வந்து இறக்கினாக. பஸ் ஸ்டாப்புல அந்த ஃபிளெக்ஸ் அப்படியே நின்னுச்சு, கழட்ட யாருக்கும் தோணலை.

கிட்னி ரெண்டும் நின்னு போச்சுன்னு டாக்டர் சொன்னாராம். அளவுக்கு மீறி வெயில்ல உழைச்சு, தண்ணி இல்லாம, தசை கரைஞ்சு போய் கிட்னியை அடைச்சிருச்சாம். தசை கரையுமா அண்ணாச்சி? அது என்ன சவுக்காரமா? முன்னாலயே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னும் சொன்னாராம். எந்த டாக்டர்தான் அதைச் சொல்லலை. நான் கேக்கேன், ரெண்டு கிட்னியும் ஒண்ணா எப்படிப் போகும்? பிறவிக் கோளாறு இருந்திருக்கு. மெடிக்கல்ல கண்டுபிடிக்காம விட்டுட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?

எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதிய. அவன் ஓடின ஷூ இந்தா பின்னால இருக்குத ரூமுலதான் கிடந்துச்சு. அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு அழுதேன். என் பிள்ளை செத்தாலும் அப்படி அழுதிருக்க மாட்டேன். ஒரு வாரம் மைதானத்தைப் பூட்டிப் போட்டேன். ஆனா ரூலை மாத்தலை. எப்படி மாத்துதது? மாத்தினா தப்பு என் மேலதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா. அப்புறம் இத்தனை வருசம் நான் ஓட வச்சதுக்கு என்ன மதிப்பு? நீங்களே சொல்லுங்க.

சரி, அது முடிஞ்ச கதை. இப்ப எனக்கு இருக்கிற தொந்தரவு வேற. சந்தனத்தோட அம்மாதான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதை விட்டுருச்சு. அந்தா, கரை திரும்புத இடத்துல குடத்தை இறக்கி வைக்கி பாருங்க, பச்சைச் சேலை. வெயில் ஏறினதும் வந்திரும். குடம் நிறையத் தண்ணி, ஒரு செம்பு. ஓடுத பயலுக முன்னால செம்பை நீட்டும். ஏசினாலும் பரவாயில்லை, போலீஸ்ல எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை, நானும் பதில் சொல்லுவேன். ஒரு வார்த்தை பேசாது. நீட்டிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் எனக்கு ஆத்திரம் தாங்கலை, குடத்தைக் காலால தள்ளிவிட்டுட்டேன். மறுநாள் ரெண்டு குடம் வந்துச்சு.

பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு. ஆனா இதனால பயலுக கெட்டுப் போவானுகன்னுதான் நான் பயந்தேன். கெடலை. ஒரு பய தொடமாட்டான். பாருங்க, முதல்ல வாரானே, அவன் சுத்தி ஓடிட்டான். அடுத்தவன் தலையைத் திருப்பிக்கிட்டான். அதுதான் ஒழுக்கம். அதை எந்தச் சென்டர்லயும் இப்பச் சொல்லிக் கொடுக்க மாட்டான்.

அடடே, உங்க மகன் நின்னுட்டான்.

இருங்க, இருங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கிய? அவனுக்குச் சொல்லியிருக்கேன் ரூலை. தள்ளாடுதான், அவ்வளவுதான். அந்தம்மா செம்பை நீட்டுது. வாங்கலை பாத்தியளா, கையை எடுத்துட்டான். இந்தப் பக்கம் பாக்கான். என்னைப் பாக்கலை அண்ணாச்சி, உங்களைத்தான் பாக்கான். நீங்க சரின்னு தலையை ஆட்டினா குடிச்சிருவான். ஆட்டாதிய. பிள்ளைக்கு நல்லது நினைச்சா ஆட்டாதிய. இவ்வளவு தூரம் தேறி வந்தவன், நாளைக்குத் திரும்பி வந்தவன்னு நாலு பேரு சொல்லணுமா? உங்க தெருவுல நீங்க எப்படி நடப்பிய? கையைக் கீழ போடுங்க. அப்படித்தான். உக்காருங்க.

ஆங், கிளம்பிட்டான். குடிக்கலை. முத நாள்லயே குடிக்கலை! உங்க பய தேறிருவான் அண்ணாச்சி. நாளையில இருந்து உச்சிக்கு அனுப்பி வையுங்க.